நிலக்காட்சியின் விலை: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டமும் அதன் செலவுக் கணக்கும்

தன் வீட்டைச் சூழ்ந்துள்ள நிலத்தை அழகுபடுத்த விரும்பும் ஒருவர் அதற்கு எவ்வளவு பணம் செலுத்தவேண்டியிருக்கும் என்பது ஒப்பந்தகாரரிடம் கேட்கவேண்டிய வினாவாகவே முதலிற் தோன்றும். இலக்கிய ஆய்வாளனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் கருதப்படலாம். ஆயினும் ஆங்கில நாவலிலக்கியத்தின் முதன்மையான படைப்புகளுள் ஒன்றில் இவ்வினா வெளிப்படையாகவே எழுப்பப்படுகின்றது. விடையும் தொகையாகவே தரப்படுகின்றது. அத்தொகை எவற்றை உள்ளடக்கிற்று, எவற்றை உள்ளடக்காது விட்டது என்பதனையே நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

ஜேன் ஒஸ்ரின் 1814இல் வெளியிட்ட ‘மான்ஸ்பீல்ட் பார்க்’ நாவலில், ஆண்டுக்கு 12,000 பவுண் வருமானமுடைய றஷ்வேர்த் என்னும் இளைஞன் தனது சதர்ற்றன் மாளிகையின் சூழலைச் சீர்திருத்த விரும்புகின்றான். நண்பன் ஒருவனின் நூறு ஏக்கர் சொச்சம் நிலத்தைப் புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் றெப்ரன் மாற்றியமைத்ததைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, தன் எழுநூறு ஏக்கரும் சிறைச்சாலை போலத் தோன்றத் தொடங்குகின்றன. றெப்ரனை அழைக்கலாம், அவருடைய கட்டணம் நாளொன்றுக்கு 5 கினி என்கிறான். அது பத்தாக இருந்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை, செலவைப் பற்றி எண்ணவே கூடாது என்று நொறிஸ் அம்மையார் ஊக்கமளிக்கின்றார். பிறர் பணத்தைச் செலவிடுவதில் இவருக்கு உள்ள தாராளம் நாவல் முழுவதும் நகைப்புக்கிடமாக வருவது. இதே அம்மையார்தான் அதே உரையாடலில், தம் வீட்டு லாயச் சுவரோரம் நட்ட ஓர் அப்ரிக்கொற் மரக்கன்றின் விலை 7 ஷில்லிங் என்பதை மறவாது நினைவுகூருகின்றார்.

ஹம்பிறி றெப்ரன் கற்பனைப் பாத்திரமல்லர். 1752 முதல் 1818 வரை வாழ்ந்தவர். 1788இல் இத்தொழிலை மேற்கொண்டவர். ஒஸ்ரினின் தாயாருடைய உறவினரான தோமஸ் லீ என்ற மதகுரு, அட்ல்ஸ்றொப்பிலும் பின்னர் தமக்கு உரிமையாகிய ஸ்ரோன்லி மாளிகையிலும் றெப்ரனைப் பணிக்கமர்த்தியிருந்தார். இரண்டு இடங்களுக்கும் ஒஸ்ரின் சென்றிருக்கின்றார். ஆகவே 5 கினி என்பது நாவலாசிரியரின் கற்பனையன்று. உறவினர் வீட்டிற் செலுத்தப்பட்ட பணம்.

அத்தொகையின் பொருளை இன்றைய நாணய மதிப்புக்கு மாற்றிப் பார்ப்பதால் அதிகம் விளங்கிக்கொள்ள முடியாது. அதனை அக்காலக் கூலியோடு ஒப்பிடுதலே பொருத்தமானது. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். ஐந்து கினி 105 ஷில்லிங். றெப்ரன் தொழில் தொடங்கிய காலத்தில் தென் இங்கிலாந்தின் விவசாயக் கூலியாள் ஒருவர் வாரமொன்றுக்குப் பெற்றது 7 முதல் 9 ஷில்லிங் வரையிலானது. எனவே றெப்ரனின் ஒரு நாள், கூலியாளின் மூன்று மாதங்களுக்குச் சமம். நெப்போலியப் போர்க்காலத்திற் கூலி உயர்ந்தது உண்மை. ரொட்டியின் விலையும் உடன் உயர்ந்தது. மறுபுறம், றஷ்வேர்த்தின் வருமானத்தை நாட்கணக்கிற் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 பவுண் வரும். றெப்ரனின் கட்டணம் அதில் ஆறிலொரு பங்கு மட்டுமே. நொறிஸ் அம்மையாரின் அப்ரிக்கொற் மரமோ ஒரு குடும்பத்தின் ஏழு நாள் உணவுக்குப் போதியதாக இருந்த கூலியோடு வைத்து எண்ணத்தக்கது. ஒரே தொகை ஒரு வர்க்கத்திற்கு அற்பமாகவும் மற்றொரு வர்க்கத்திற்கு எட்டாததாகவும் இருப்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருளின் தொடக்கப் புள்ளி.

ஆனால் 5 கினி என்பது ஆலோசனைக்கு மட்டும் உரிய கட்டணம். ஒரு புல்லையும் அது வெட்டுவதில்லை, ஒரு கூடை மண்ணையும் அகற்றுவதில்லை. இவ்விடத்தில் றெப்ரனுக்கு முந்திய தலைமுறையினரான லான்சலொற் பிறவுணுடைய தொழில்முறையை நோக்குதல் அவசியமாகின்றது. 1716இற் பிறந்து 1783இல் மறைந்த பிறவுண், 1741இல் ஸ்ரோ மாளிகையில் ஆண்டுக்கு 25 பவுண் சம்பளத்திற்குத் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்தவர். 1751இல் தனித்துத் தொழில் தொடங்கினார். பிரபுக்களின் நிலங்களைப் பார்வையிட்டு, அவற்றுக்குச் சீர்திருத்தம் பெறும் ஆற்றல் உண்டு என்று கூறுவது அவரது வழக்கமாம். அதனாலேயே ‘ஆற்றல் பிறவுண்’ எனும் பொருள்பட அவரது அடைமொழி அமைந்தது. அவர் வரைபடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியவரல்லர். எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொண்டு, மேற்பார்வையாளர்களை நியமித்து, கூலியாட்களைத் திரட்டி, வேலையை முடித்துக் கொடுத்துத் தவணைமுறையிற் பணம் பெற்றார். மேற்பார்வையாளர்களான மிலிகன், லாப்பிட்ஜ் போன்றோர் பல மாவட்டங்களில் ஒரே சமயத்தில் வேலை நடத்தினர். பிளென்ஹெய்ம் மாளிகையில் 1764 முதல் 1774 வரை நடந்த பணிகளுக்காக அவர் பெற்ற தொகை 21,000 பவுணுக்கு மேற்பட்டது. அவருடைய கணக்கேடு ஒன்று லண்டனிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் லின்ட்லி நூலகத்தில் இன்றும் உள்ளது. கலைஞர் எனப் போற்றப்படும் இவர், தொழில் அமைப்பின்படி நோக்கின், கட்டடத்துறைக்கு வெளியே தோன்றிய பெரும் முதலாளித்துவ ஒப்பந்தகாரர்களுள் ஒருவர்.

றெப்ரனோ ஒப்பந்த வேலையை ஏற்பதில்லை. நிலத்தைப் பார்வையிட்டு, நீர்வண்ண ஓவியங்களோடு கூடிய கையெழுத்துப் பிரதியொன்றை ஆக்கி, சிவப்புத் தோலிற் கட்டிக் கொடுப்பார். ‘சிவப்புப் புத்தகம்’ எனப்பட்ட அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதனைக்கொண்டு நிலத்தில் வேலை செய்விப்பது உரிமையாளரின் பொறுப்பு. வடிவமைப்பும் செயற்படுத்தலும் இவ்வாறு பிரிந்தமையால், செலவும் இரண்டாகப் பிரிந்தது. பெருந்தொகை இரண்டாவதிலேயே இருந்தது. பிறவுண் செல்வராக இறக்க, நானூறு இடங்கள் வரை ஆலோசனை வழங்கிய றெப்ரன் அத்தகைய செல்வத்தை எய்தாமைக்கு இதுவே காரணம். இன்று வடிவமைப்பாளர் மணிக்கணக்கிலோ மொத்தத் தொகையாகவோ வேலைச் செலவின் நூற்றுவீதமாகவோ கட்டணம் கேட்பதும், ஒப்பந்தகாரர் தனியாக விலைகூறுவதும் அப்பிரிவினையின் தொடர்ச்சியே.

செயற்படுத்தல் என்பதிற் பெரும்பகுதி மண்வேலை. இயற்கையாகவே அமைந்தது போலத் தோன்ற வேண்டும் என்பதே இத்தோட்டங்களின் இலக்கணம். பிரெஞ்சு முறையிலமைந்த நேர்கோட்டுப் பாத்திகளும் கத்தரித்த வேலிகளும் அகற்றப்பட்டு, மாளிகையின் வாசல் வரை புல்வெளி அலையலையாக வந்து சேர வேண்டும். தொலைவில் மரக்கூட்டங்கள் நிற்க வேண்டும். வளைந்து செல்லும் நீர்ப்பரப்பு ஒன்று இடையில் ஒளிர வேண்டும். இயற்கையாகத் தோன்றுமாறு செய்வதற்கு இயற்கையைப் பெயர்க்க வேண்டியிருந்தது. மேடுகள் மண்வெட்டியாலும் தள்ளுவண்டியாலும் குதிரைகளாலும் சரிக்கப்பட்டன. பிளென்ஹெய்மில் கிளைம் என்ற சிற்றாற்றை அணைகட்டித் தடுத்தபோது, வான்பிறா கட்டிய பெரும் பாலத்தின் கீழறைகளே நீரில் மூழ்கின. ஏரியின் அடித்தளத்தில் நீர் கசியாதிருக்கக் களிமண்ணை நீர்விட்டுப் பிசைந்து, அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கினர். கால்நடைகள் மாளிகையை நெருங்காதிருக்க, ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் சரிவுமாக அமைந்த ‘ஹா-ஹா’ எனும் மறைகிடங்கு வெட்டப்பட்டது. வீட்டின் யன்னலிலிருந்து பார்ப்பவருக்கு அக்கிடங்கு தெரியாது, மாடுகள் தெரியும், இரண்டுக்கும் நடுவே தடை உண்டு என்பது தெரியாது. கருத்துநிலை எவ்வாறு செயற்படுகின்றது என விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

வேலை முடிந்ததும் செலவு முடிந்துவிடுவதில்லை. புல்வெளியை அரிவாளால் மட்டமாக வெட்டுவதற்குத் தேர்ந்த கைத்திறன் தேவை. பனி காயுமுன், விடியற்காலையிலேயே அதனைச் செய்தனர். வெட்டிய புல்லைக் கூட்டி அள்ளுதலும் களைபிடுங்குதலும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகின. அவர்களுக்கான கூலி ஆண்களுடையதிலும் குறைவு. வீட்டார் எழுந்து யன்னலைத் திறக்கும்போது புல்வெளி ஒழுங்காக இருக்கும், வெட்டியவர்கள் இருக்கமாட்டார்கள்.

நிலத்தில் உழைப்பு நடைபெறுவதைப் பார்வையினின்றும் அகற்றுவதே இக்கலையின் உட்பொருள் என நாம் கருதுகின்றோம். றேமன்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட ‘நாட்டுப்புறமும் நகரமும்’ என்ற நூலில், நிலக்காட்சி எனும் எண்ணமே நிலத்திலிருந்து விலகி நின்று நோக்கும் ஒருவனை முன்னிறுத்துவது எனக் காட்டினார். தமிழ் மாணவருக்கு இதன் எதிர்நிலை எளிதிற் புலப்படும். தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்து, தெய்வத்தோடும் மரத்தோடும் ‘செய்தி’யையும், அதாவது அந்நிலத்து மக்களின் தொழிலையும் சேர்த்தே எண்ணினார். தினைப்புனம் காத்தலின்றிக் குறிஞ்சி இல்லை. பிறவுணின் நிலமோ தொழில் நீக்கப்பட்ட நிலம்.

ஒஸ்ரின் இதனைக் கூர்மையாகக் கண்டுள்ளார். அதே நாவலில், மதகுருவாகப் போகும் எட்மண்டுக்கு உரிய தோர்ன்ரன் லேசி இல்லத்தைப் பார்த்துவிட்டு வரும் கிறோபோர்ட், அங்குள்ள பண்ணை முற்றத்தை முழுதாக அகற்ற வேண்டும், கொல்லன் பட்டறை தெரியாதவாறு மரங்களை நட வேண்டும் என ஆலோசனை கூறுகின்றான். ஆண்டுக்கு 700 பவுண் மட்டுமே பெறப்போகும் எட்மண்ட், தன்னால் அதிக செலவு செய்ய இயலாது, ஓரளவு அழகு போதும் என மறுக்கின்றான். ஆனால் பண்ணை முற்றம் அகற்றப்பட வேண்டியதே என்பதை அவனும் ஒப்புக்கொள்கின்றான். சிக்கனக்காரரும் ஆடம்பரக்காரரும் எங்கு உடன்படுகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

கொல்லன் பட்டறையை மறைக்க மரங்கள் போதும். ஒரு முழுக் கிராமமே பார்வையை மறித்தால்? ஒப்பந்தத்தில் எழுதப்படாத செலவு இங்குதான் தொடங்குகின்றது. ஸ்ரோவில் மாளிகையருகேயிருந்த கிராமம் மறைந்தது. அதன் தேவாலயம் மட்டும் மரங்களுக்கிடையில் இன்றும் நிற்கின்றது. பூவுட்டில் பிறவுண் அமைத்த ஏரியின் கீழ் மானிங்ஸ் ஹில் என்னும் சிற்றூர் மூழ்கியது. 2007இற் சுழியோடிகள் அதன் எச்சங்களைக் கண்டனர். டோர்செற் மாவட்டத்தில் மில்ற்றன் பிரபுவான ஜோசெப் டேமர், தமது மாளிகைக்கு அண்மையிலிருந்த மில்ற்றன் என்னும் சந்தை நகரையே படிப்படியாக இடித்தார். குத்தகைக் காலம் முடிய முடிய வீடுகள் வீழ்ந்தன. ஹரிசன் என்ற வழக்கறிஞர் தம் குத்தகை முடியும்வரை நகர மறுத்தபோது, மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் நீரைப் பாய்ச்சினர் என்பதும், அவர் வழக்காடி வென்றார் என்பதும் அவ்வூர் வரலாற்றிற் பதிவாகியுள்ளன. அங்கிருந்த பழைய பாடசாலை 1785இற் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் வேறோர் ஊருக்கு மாற்றப்பட்டது. மறைவான பள்ளத்தாக்கில் ஒரே மாதிரியான 36 கூரைவேய்ந்த குடில்கள், ஒவ்வொன்றும் இரு குடும்பங்களுக்கென, புதிய கிராமமாக எழுந்தன. அதன் அமைப்பிற் பிறவுணுக்கும் கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸுக்கும் பங்குண்டு. இன்று அது இங்கிலாந்தின் மிக அழகிய கிராமங்களுள் ஒன்றெனப் படங்களில் அச்சிடப்படுகின்றது.

ஒக்ஸ்போர்ட்டுக்கு அண்மையிலுள்ள நியூனம் கோட்னியில் இதே நிகழ்ச்சி இரு கவிதைகளைப் பிறப்பித்தது. ஹார்கோட் பிரபு 1760ஐ அடுத்துப் பழைய கிராமத்தை அகற்றி, மக்களைப் பெருந்தெருவோரம் புதிய வீடுகளிற் குடியேற்றினார். ஒலிவர் கோல்ட்சிமித் 1770இல் வெளியிட்ட ‘கைவிடப்பட்ட கிராமம்’ இதனையே அடிப்படையாகக் கொண்டது எனப் பல ஆய்வாளர் கருதுவர். அரசவைக் கவிஞர் வில்லியம் வைற்ஹெட்டோ ஹார்கோட் குடும்பத்து இளைஞனுக்கு ஐரோப்பியப் பயணத்தில் ஆசிரியராகச் சென்றவர். அவரும் இக்கிராமத்தைப் பாடினார். எல்லோரும் இடம்பெயர, ஒரு மூதாட்டி மட்டும் தன் பழைய குடிசையிலேயே வாழ அனுமதிக்கப்பட்டதைப் பிரபுவின் கருணைக்குச் சான்றாக்கினார். ஊர் போனதைப் பாடியவர் ஒருவர், ஒரு குடிசை எஞ்சியதைப் பாடியவர் மற்றொருவர். கவிஞர்களின் வர்க்கச் சார்பினை அளக்க இதனினும் வேறு அளவுகோல் வேண்டுமோ?

1750க்கும் 1850க்குமிடையிற் பொதுநிலங்களை அடைப்பதற்கென ஏறத்தாழ 4,000 சட்டங்கள் நிறைவேற்றப்பட்டன என்பதையும் இதனோடு இணைத்தே நோக்க வேண்டும். விறகு பொறுக்கவும் பசு மேய்க்கவும் இருந்த வழக்குரிமையை இழந்தவர்களே மேற்கூறிய வாரக் கூலிக்கு மண்சுமக்க வந்தனர். நிலத்தைத் திரட்டித் தந்த நடைமுறையே உழைப்பாளரையும் திரட்டித் தந்தது.

பணமோ இங்கிலாந்தின் வயல்களிலிருந்து மட்டும் வரவில்லை. ஒஸ்ரினின் நாவலில் வரும் சேர் தோமஸுக்கு அன்ரிகுவாத் தீவில் தோட்டமுண்டு. எட்வேர்ட் சயீத் 1993இல் இதனை விரிவாக ஆராய்ந்தார். பிறவுணின் வாடிக்கையாளருள் ஒருவரான ஹாவுட் மாளிகையின் எட்வின் லசெல்ஸின் குடும்பச் செல்வம், மேற்கிந்தியச் சர்க்கரையிலும் அடிமை வணிகத்திலும் திரண்டது. றொபேட் கிளைவ் கிளெயர்மொன்றை வாங்கிப் பிறவுணிடம் ஒப்படைத்தது 1769ஐ ஒட்டியது. அவருக்கென அங்கு புதிய மாளிகை எழுந்துகொண்டிருந்தபோது, 1770இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது.

தமிழ் வாசகருக்கு இன்னும் அண்மையான உதாரணம் ஹேட்போர்ட் மாவட்டத்திலுள்ள வூட்ஹோல் பார்க். 1777இல் அம்மாளிகையைக் கட்டத் தொடங்கிய சேர் தோமஸ் றம்போல்ட், மறு ஆண்டிற் சென்னையின் ஆளுநரானவர். 1794இல் அதனை வாங்கியவர் போல் பென்பீல்ட். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து, அக்கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூரின் வருவாயின் மீது உரிமை கோரியவர் இவர். 1773இற் கம்பனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சையைக் கைப்பற்றியதும், 1776இல் அதனைத் திருப்பிக்கொடுக்க முயன்ற ஆளுநர் பிகொற்றைச் சென்னைச் சபையினரே சிறைப்பிடித்ததும், 1785இல் எட்மண்ட் பேர்க் பாராளுமன்றத்தில் நவாபின் கடன்கள் பற்றி முழங்கியதும் வரலாற்று மாணவர் அறிந்தவை. காவிரிப்படுகை உழவனின் நெல் வரியாகி, வரி வட்டியாகி, வட்டி ஆங்கிலப் பூங்காவொன்றின் விலையாகும் பாதை இது. பென்பீல்ட் சில ஆண்டுகளிலேயே கடனாளியாகி அதனை இழந்தார். தஞ்சை உழவனுக்கு அதனால் எதுவும் திரும்பவில்லை.

இவ்வமைப்பின் மாற்றத்தை முதலில் உணர்ந்தவர்களுள் றெப்ரனும் ஒருவர். 1816இல் வெளியிட்ட தமது இறுதி நூலில் ஒரே இடத்தின் இரு காட்சிகளை வரைந்தார். முதலாவதில் வழிப்போக்கர் அமரப் பழைய மரத்தடியில் வாங்கு ஒன்றுண்டு. நிலத்தினூடே செல்ல ஏணிப்படியுண்டு. இரண்டாவதில், புதிய பணக்காரர் அந்நிலத்தை வாங்கிய பின், வாங்கும் மரமும் இல்லை. உயர்ந்த வேலி நிற்கின்றது. பழைய பிரபுத்துவத்தின்பால் அவருக்கிருந்த ஏக்கத்தை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டியதில்லை. அவர் பார்வையின் துல்லியம் மறுக்கமுடியாதது.

அப்புதிய வாடிக்கையாளர்களுக்கெனவே எழுதியவர் ஜோன் குளோடியஸ் லௌடன். 1838இல் வெளிவந்த அவரது புறநகர்த் தோட்டக்கலை நூல், ஏக்கர்களையன்றிச் சிறு வளவுகளை வைத்திருந்த நடுத்தர வர்க்கத்தாருக்குத் தோட்டம் அமைக்கக் கற்பித்தது. தோட்டத் தொழிலாளரின் கூலி இழிவானது எனத் தம் சஞ்சிகையில் இடைவிடாது வாதாடியவரும் இவரே என்பது அவருக்குரிய பெருமை. பிரபுவின் புல்வெளியைச் சிறு அளவில் வேண்டிய இவர்களால் அரிவாள்காரர் குழுவொன்றை வைத்திருக்க இயலவில்லை. குளொஸ்ரர் மாவட்டத்தின் நெசவாலைப் பகுதியில் வாழ்ந்த எட்வின் படிங், துணியின் மேற்பரப்பிலுள்ள பிசிறை வெட்டும் ஆலை இயந்திரத்தைக் கண்டு, அதே தத்துவத்திற் புல்வெட்டும் இயந்திரத்தை 1830இல் உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். ஆலையில் துணி வெட்டுநரின் தொழிலைப் பறித்த அலகே தோட்டத்தில் அரிவாள்காரரின் தொழிலையும் பறித்தது. நாட்டுப்புறக் கனவான்கள் தாமே இதனைத் தள்ளிச் சென்றால் உடலுக்கு நலமும் பொழுதுபோக்கும் கிட்டும் என்ற கருத்தையும் படிங் தமது காப்புரிமைப் பத்திரத்திற் சேர்த்திருந்தார். செலவுக் கணக்கில் கூலி என்ற வரி இதனாற் சிறுத்தது; வீட்டுக்காரரின் சொந்த உழைப்பு அதில் எழுதப்படவில்லை.

எழுத இயலாத இடங்களில் அவ்வரி மற்றொருவர் தலையில் விழுந்தது. ஐக்கிய அமெரிக்காவில், விவசாயம் சாராத பருவகாலத் தொழிலாளரை வெளிநாடுகளிலிருந்து தருவிக்கும் எச்-2பி விசா முறையின்கீழ் மிகுதியான ஆட்களை வரவழைக்கும் துறை தோட்டப் பராமரிப்புத் துறையே. அவர்களுட் பெரும்பான்மையோர் மெக்சிக்கோவிலிருந்து வருபவர்கள். வீட்டுக்காரரிடம் கொடுக்கப்படும் மதிப்பீட்டுப் பத்திரத்தில் அவர்களின் உழைப்பு மணிக்கணக்காகவும் சதுர அடியாகவும் குறிக்கப்பட்டிருக்கும்.